சாராயக்கடையில் ஆற்றைக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை

நம் கண்காட்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் பயன்படட்டும் என்று என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்து நாலு வருடம் கண்காட்சி மாட்டியவன் நான். ஓவியம், புகைப்படம், பழைய நாணயம், ஒரு முறை வெறும் பூட்டுகள். ஆணியை எங்கே அடிப்பது, சட்டத்தை எந்த உயரத்தில் தொங்கவிடுவது, விளக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் கைபேசியே சொல்லித் தருகிறது, அதுவும் என்னைவிடப் பொறுமையாக. என் முன்கோபத்தாலும் தலைக்கனத்தாலும் நான் செய்த தவறுகளைத்தான் எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்கு இன்னும் செயலி வரவில்லை.

தவறுகளுக்குப் பஞ்சமில்லை. பாகூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், குழந்தைகளின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று நீர்வண்ண ஓவியங்களைத் தாழ்வாரத்தில் இடுப்பு உயரத்துக்கு மாட்டினேன். ஆடுகளின் வாய்க்கும் அது நேராக இருந்தது. மூன்று ஓவியங்கள் போயின. அந்த ஓவியர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் அது வெறும் கவனக்குறைவு, அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். கவனமாக, யோசித்து, பெருமையோடு செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது.

ஜெயந்தி என்று ஒரு பெண், திருவாண்டார்கோயில்காரி. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. வார விடுமுறை கிடைத்தால் பழைய கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு சங்கராபரணி ஆற்றோரமாக நடப்பாள். அப்படி எட்டு வருடம் நடந்திருக்கிறாள். தரைப்பாலத்தின் மேல் ஏறிப் போகும் வெள்ளம், கோடை மணலில் எருமைகளின் குளம்படி, ஆகாயத்தாமரைக்கு நடுவே கழுத்து மட்டும் தெரிய நின்று வலை இழுக்கும் ஆள் என்று ஆயிரக்கணக்கில் எடுத்து, ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். வீட்டில் கேட்டால் தோழி வீட்டுக்குப் போனதாகச் சொல்லிவிடுவாளாம். ஒரு நாள் பென்டிரைவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். எனக்கு லேசில் எதுவும் பிடித்துவிடாது. அன்றைக்கு வைத்த டீ ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்திரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்தோம். நகரத்தில் எங்கள் கூடத்திலேயே மாட்டலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"டவுன்ல மாட்டுனா டவுன்காரங்கதான் வருவாங்க சார். ஆத்துகிட்ட இருக்கிறவங்க பஸ் ஏறி வந்து ஆத்தப் பாப்பாங்களா? அங்கயே மாட்டணும்."

அங்கேயே என்றால் எங்கே? பள்ளிக்கூடத்தில் தேர்வு. கல்யாண மண்டபத்தில் தொடர்ந்து முகூர்த்தம். அலைந்து திரிந்து கடைசியில் கிடைத்தது, வில்லியனூருக்குத் தெற்கே ஆற்றங்கரையை ஒட்டி நின்ற ஒரு நீளமான கட்டடம். இரண்டு வருடம் முன்பு வரை அது சாராயக்கடை. அரசாங்க ஏலத்தில் எடுக்க ஆள் வராமல் பூட்டிக் கிடந்தது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம் என்கிற கரும்பு விவசாயி. நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர்.

"ஞாயித்துக்கெழம ஒரு நாள் வெச்சிக்குங்க. திங்கக்கெழம விடியக்காலைல நெல்லு மூட்ட எறங்குது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு எடம் காலியா வேணும்."

எட்டு வருடத்து உழைப்பைக் காட்ட ஒரே ஒரு நாள். நான் முணுமுணுத்தேன். ஜெயந்தி முணுமுணுக்கவில்லை.

"ஒரு நாள் போதும் சார். அவங்க ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா போதும்."

நான் எத்தனையோ கூடங்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. நீண்ட சுவர்கள், வடக்கே உயரத்தில் வரிசையாகச் சன்னல்கள், நிழல் விழாத வெளிச்சம். பின்பக்கக் கதவைத் திறந்தால் ஆறே தெரியும். குடிப்பவர்களுக்காகக் கட்டியவன் தன்னை அறியாமல் கலைக்காகக் கட்டியிருக்கிறான். சாராயம் வாங்கும் இடத்தில் கம்பி போட்ட சின்னச் சன்னல் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் பார்வையாளர் குறிப்பேட்டை வைத்துவிட்டு, என் ரசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க வேலை. சுவருக்கு வெள்ளை அடித்தோம். வாசலில் இரண்டு வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணமும் சீரியல் விளக்கும் போட்டோம். தரை கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று ஐந்து நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். படங்களுக்கு எல்லாம் கண்ணாடிச் சட்டம், அவற்றைப் பழைய போர்வையில் சுற்றி ஒவ்வொன்றாக உள்ளே தூக்கினோம். "பாத்து, மெதுவா, ஒடைஞ்சிடப் போவுது" என்று நான் தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். மரச் சட்டத்துக்கு அன்று காலைதான் பாலீஷ் போட்டிருந்தேன். பாலீஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்ததும் ஸ்பிரிட்டால்தான். ஆக, மாலைக்குள் அந்தக் கட்டடம் முழுக்க ஸ்பிரிட் வாடை.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணால் ஒரு முறை பாருங்கள். பூட்டிக் கிடந்த சாராயக்கடைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வாழைமரம் கட்டுகிறார்கள். பீப்பாய் இறங்குகிறது. கண்ணாடிச் சரக்கு மூடி மூடிப் போகிறது. வாடையும் வருகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாட்சியைப் பொய்யாக்க ஒரு பலகை இருந்தது. 'எங்கள் ஆறு - புகைப்படக் கண்காட்சி' என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலுக்கு மேல் மாட்டியும் இருந்தேன். அதன் மேல் மஞ்சள் துணியைப் போட்டு மூடிவிட்டேன். இந்த வேலையில் என்னைப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் பேரன் சண்டைக்கு வருவான். விருந்தினர் கயிற்றை இழுக்கும்வரை பலகை யார் கண்ணிலும் படக்கூடாது என்பது அவருடைய சட்டம். முப்பத்து மூன்று வருடமாக நான் அதை மீறியதில்லை. ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போடலாமா என்று ஜெயந்தி இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் திட்டினேன். டீக்கடையிலிருந்து ஒருவர் வந்து "இன்னா சார் வரப்போவுது?" என்று கேட்டபோதுகூட, "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, தெரியும்" என்று கண்ணைச் சிமிட்டினேன். கண்ணைச் சிமிட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வரிசை நின்றது. ஐம்பது ஆண்கள். என் பணிக்காலத்தில் ஒரு கண்காட்சிக்காவது வரிசை நின்று நான் பார்த்ததில்லை. முதல் ஆளாக நின்றவர் பெயர் கலியமூர்த்தி. வயலுக்கு மருந்தடிக்கும் வேலை, ஐம்பது வயதைத் தாண்டியவர். குளித்து, ஈரத் தலையை வாரி, விபூதி இட்டு, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கெல்லாம் வந்துட்டேன் சார். ரெண்டு வருசமாச்சி. மனசு கேக்குதா?"

"எல்லாருக்கும் இடம் இருக்கு. பொறுமையா, நின்னு நிதானமா ரசிக்கணும்."

"அதெல்லாம் ஒயுங்கா இருப்போம் சார்" என்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினார். "நீங்க கிளாஸ் வெப்பீங்களோ மாட்டீங்களோன்னு எதுக்கும் வூட்லருந்து கொண்டாந்துட்டேன்."

வருகிறவர்களுக்கு டீ கொடுப்பதாக இருந்தோம். அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தேனே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை. வரிசையில் பாதிப் பேர் கையில் ஊறுகாய்ப் பொட்டலம் இருந்ததையும் பார்த்தேன். கிராமத்து வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சந்தோஷமாக இருக்கும் மனிதனுக்குக் கண் சரியாகத் தெரியாது. வேலை நேரத்தில் உங்களுக்கு அளவுக்கு மீறி மகிழ்ச்சி வந்தால், ஒரு நிமிடம் நின்று காரணத்தைத் தேடுங்கள்.

ஒன்பது மணிக்குப் பெண்கள் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும், கையில் துடைப்பம், சிலரிடம் முறம். முன்னால் வந்தவர் பூங்காவனம், அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி. வாசல்படிக்கு முன்னால் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கண்காட்சியைத் திறந்து வைப்பதற்காக மாலையோடு நின்றிருந்த ஏகாம்பரம் ஒரு கணம் பார்த்தார். மாலையை என் கையில் கொடுத்தார். பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் நுழைந்தவரை மறுபடி நான் பார்த்தது திங்கட்கிழமைதான்.

"இன்னாங்கடா, கூச்சமில்லாம லைன் கட்டி நிக்கிறீங்க?" என்றார் பூங்காவனம். பார்வை முதல் ஆளிடம் நின்றது. "பாருங்கடி, மொத ஆளா நிக்கிறாரு எங்கூட்டு மகராசன். கோயிலுக்குக் கூப்புட்டா முட்டி வலி."

கலியமூர்த்தி டம்ளரைச் சட்டைக்குள் தள்ளினார். அது வயிற்றுப் பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்குச் சகலமும் விளங்கியது. விளங்கியதும் வந்தது வெட்கமல்ல, கோபம். முப்பத்து மூன்று வருடக் கலைச்சேவை செய்தவனைச் சாராய வியாபாரி என்கிறார்களே என்று கத்தினேன். ஓடிப் போய்க் கயிற்றை நானே இழுத்தேன். மஞ்சள் துணி விழுந்து பலகை தெரிந்தது. படித்துப் பாருங்கள் என்றேன்.

பூங்காவனம் நிதானமாகப் படித்தார். "போர்டுல இன்னா வேணா எயுதலாம் சார். இதுக்கு மின்னாடி இங்க 'குளிர்பான நெலையம்'னு போர்டு வெச்சிதான் மொதல்ல தெறந்தானுங்க. நாங்களே போயி வாழ்த்திட்டு வந்தோம்."

ஒன்பதரைக்கு ஜெயந்தி வந்து இறங்கினாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் படங்களை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து ஓரமாக நின்றுகொண்டாள்.

பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"சார், நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். சண்ட வந்தா எந்தலைல விடியும். பதினோரு மணிக்குள்ள கூட்டம் கலையலன்னா பூட்டிட்டுச் சாவிய எடுத்துகினு போயிடுவேன். எல்லாத்தையும் திங்கக்கெழம பேசிக்கலாம்."

திங்கட்கிழமை அங்கே நெல் மூட்டைதான் இருக்கும். ஜெயந்தியின் ஒரு நாள் போய்விட்டது என்றே நினைத்தேன். கோபம் வடிந்து பயம் வந்தது. பயம் வந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூளை வேலை செய்யும். பூங்காவனத்திடம் போய்க் குனிந்து நின்று, "அம்மா, நீங்களே உள்ள வந்து ஒரு சுத்து பாத்துடுங்க. ஒரு பாட்டில் இருந்தா நானே பூட்டிடுறேன்" என்றேன்.

அந்தக் கூட்டமே என்னை விநோதமாகப் பார்த்தது. நான் கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தேன். சாராயக்கடை என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் படியை அந்த ஊரில் எந்தப் பெண்ணும் மிதித்ததில்லை. உள்ளே கிடக்கும் புருஷனைக் கூப்பிட வந்தாலும் தூரத்துப் புளியமரத்தடியில் நின்று, போகிற வருகிறவர்களிடம் சொல்லித்தான் அனுப்புவார்கள். கடை பூட்டிய பிறகும் அந்த வைராக்கியத்தை விடவில்லை.

"நாங்க அந்தப் படிய மிதிக்க மாட்டோம். ஆம்பளைங்கள மிதிக்க வுடவும் மாட்டோம். ஆத்துப் படம் பாக்கன்னு இன்னிக்கு உள்ள போனா கால் பயகிடும். நாளைக்கு அதுவா போவும்" என்றார் பூங்காவனம்.

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. உள்ளே இருப்பதை நிரூபிக்க உள்ளே போக வேண்டும், உள்ளே யாரும் போகக் கூடாது. மணி பத்தேகால்.

ஜெயந்திதான் சொன்னாள். "படத்த வெளிய கொண்டாந்துடலாம் சார்."

ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, பாதி ராத்திரி வரை நின்று மாட்டிய படங்கள். வெளியே வெயில். கண்ணாடியில் பளபளப்பு அடிக்கும், காற்று வேறு. அங்கே ஒரு ஆணி அடிக்கக்கூடச் சுவர் இல்லை, தட்டி வேலிதான். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"உள்ள அழகா இருந்து இன்னா சார் பிரயோசனம்?" என்றாள்.

சுத்தியல் பிடிக்கிறவன் தன் வேலையைத் தானே பிரிப்பதற்கு ஒரு மனசு வேண்டும். எனக்கு அது அன்றைக்கும் இல்லை. அவள் உள்ளே போய் முதல் படத்தைக் கழற்றிவிட்டாள், அதனால் நானும் கழற்றினேன்.

வெளியே கொண்டுவந்த முதல் சட்டத்தைப் பூங்காவனம் வாங்கினார். படத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைத் தட்டினார், மூலைகளை அழுத்தினார், கடைசியில் மூக்கருகே வைத்து மோந்தார். முகம் மாறியது.

"வாடை வருதுடி."

சட்டம் கைமாறிக் கைமாறிப் போனது. நாற்பது பெண்களும் மோந்தார்கள். துடைப்பங்கள் மறுபடி கைக்கு வந்தன. பாலீஷ், ஸ்பிரிட், அரக்கு என்று நான் உளறிக்கொட்டினேன். போலீஸ்காரரும் வாங்கி மோந்துவிட்டு, சந்தேகமாகத் தலையை ஆட்டினார். அப்போது வரிசையின் முன்னாலிருந்து கலியமூர்த்தி கையை நீட்டினார்.

"இங்க குடு அத."

சட்டத்தை வாங்கி, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்தார். கொஞ்சம் தள்ளி வைத்து, இன்னொரு இழுப்பு. ஐம்பது ஆண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலியமூர்த்தி கண்ணைத் திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு துக்கம்.

"இது சரக்கு இல்ல. மரத்துக்குப் பூசுற பாலீசு. இதக் குடிச்சா கண்ணு பூடும்."

வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்து பின்னால் வரை போனது. பூங்காவனம் கொஞ்ச நேரம் புருஷனையே பார்த்தார். பிறகு பெண்களிடம் திரும்பினார். "வேற எதுல பொய் சொன்னாலும் இந்த ஒரு விசயத்துல அந்தாளு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் செய்த அத்தனை வாதத்துக்கும் மசியாத கூட்டம் அதற்கு மசிந்தது. எந்த ஊருக்குப் போனாலும், எதற்கு யார் சொன்னால் நம்புவார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அது தலைவராகவோ வாத்தியாராகவோதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, படத்தை எங்கே வைப்பது? ஆண்கள் ஏமாற்றத்தோடு கலைய ஆரம்பித்திருந்தார்கள். பூங்காவனம் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தார்.

"எங்க போறீங்க? காலங்காத்தால குளிச்சி முயுகி வந்து நின்னீங்க இல்ல? சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்னுதான வந்தீங்க? நில்லுங்க. ஆளுக்கு ஒரு படத்தப் புடிங்க."

போலீஸ்காரருக்கு யோசனை பிடித்துவிட்டது. ரோட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, வரிசையை அவரே நேராக்கினார். முப்பத்திரண்டு ஆண்கள் வேலியோரமாக நெஞ்சு உயரத்துக்கு ஆளுக்கு ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிச்சமிருந்தவர்கள் கை வலித்தால் மாற்றிக்கொள்ளக் காத்திருந்தார்கள். நான் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்து, "இடது தோளைக் கொஞ்சம் எறக்குங்க", "மூச்சு விடும்போது படம் ஆடுது" என்று சொல்லிக்கொண்டு போனேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பலகை மூடியிருந்தபோது பார்த்த பைத்தியத்துக்கு இது பரவாயில்லை.

பெண்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு படத்துக்கு ஐந்து பேர் என்று குனிந்து பார்த்தார்கள். இது எங்க கொல்லைக்குப் பின்னால, இது வெள்ளம் வந்த வருசம், அந்த எருமை யாருது என்று பேச்சு கிளம்பியது. ஜெயந்தி ஒவ்வொரு குழுவோடும் ஓடி ஓடி, எங்கே, எப்போது எடுத்தது என்று சொன்னாள். அவளுக்குக் குரல் அவ்வளவு உயரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், படத்தைப் பிடித்திருந்தவர்களுக்குத் தாங்கள் பிடித்திருப்பது என்னவென்று தெரியாது. கொடுக்கும்போதே படம் எதிர்ப்பக்கம் பார்க்கும்படிதான் கையில் கொடுத்தேன், கையை அசைத்தால் நான் கத்துகிறேன். அதனால் எதிரே வரும் பெண்களிடம் கேட்டார்கள்.

"ஏம்மா, எங்கிட்ட இருக்கிறது இன்னா?"

"உங்கிட்ட தரைப்பாலம். தண்ணி மேல போவுது. சைக்கிள ஒருத்தன் தலைல தூக்கிகினு போறான்."

"எந்தப் பக்கத்துலருந்து எடுத்திருக்கு?"

"மேக்காலருந்து. நம்ம மாமியாரு தடுக்கி வுயுந்துதே, அங்கருந்து."

வழக்கமாகப் பேச்சே இல்லாமல் முடியும் என் கண்காட்சிகளில் அன்றைக்குத்தான் ஒவ்வொரு படத்தையும் ஒருவர் இன்னொருவருக்கு வாய்விட்டுச் சொன்னார். எனக்கு ஆனந்தமாக இருந்தது. அந்த ஆனந்தத்தில் மறுபடி கண் மங்கிவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய படத்தை முதல் ஆள் என்பதால் கலியமூர்த்தியிடம் கொடுத்திருந்தேன். ஆற்று மணலில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். தலைப்பக்கமிருந்து எடுத்தது. வாய் திறந்திருக்கிறது, ஒரு கை தூர நீண்டிருக்கிறது. விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு வெள்ளைக் கொக்கு நின்று அவனைப் பார்க்கிறது. கால்மாட்டில் ஆறு. முப்பத்திரண்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கூடத்தின் நடுச் சுவரில் தனியாக மாட்டியிருந்தேன்.

கலியமூர்த்தியின் முன்னால் மட்டும் வருகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். போய்விட்டு இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சிரித்தார்கள்.

"இன்னாம்மா, எங்கிட்ட இருக்கிறது அவ்ளோ நல்லா இருக்குதா?" என்று அவர் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதுண்ணே" என்றார்கள்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, "இங்க வாங்க, இங்க வந்து பாருங்க, இதான் பெஸ்ட்டு" என்று போகிறவர்களையும் கூப்பிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

ஒரு பெண் ஜெயந்தியின் காதில் ஏதோ சொன்னார். ஜெயந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"சார், படத்துல இருக்கிறது அவருதானாம். எனக்கு யாருன்னே தெரியாது சார். நடந்து போறப்ப கண்ணுல பட்டுது, எடுத்துட்டேன்."

சட்டையில்லாமல், தலைகீழாக, வாய் பிளந்து கிடந்த அந்த ஆளையும், வாரிய தலையும் விபூதியுமாக நின்ற இந்த ஆளையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அது ஜெயந்தியின் தவறு அல்ல, என்னுடையது. அந்தப் படத்தை நூறு தடவை பார்த்தவன் நான். வெளிச்சத்தைப் பார்த்தேன், கொக்கைப் பார்த்தேன், மணலின் கோடுகளைப் பார்த்தேன். இவர் யார், அவரைக் கேட்டோமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் ஊரில், அவர் கையிலேயே கொடுத்து, அவரையே பிடித்துக்கொண்டு நிற்க வைத்திருக்கிறேன். நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: படத்தில் ஒரு மனிதன் இருந்தால், படத்தை மாட்டுவதற்கு முன்னால் அவனைப் போய்ப் பாருங்கள்.

என்ன செய்வது? பிடுங்கினால் அவர் பார்த்துவிடுவார். விட்டாலும் என்றைக்காவது பார்த்துவிடுவார். நான் கோழையைப் போல அவரிடம் போய், "திருப்பிடாதீங்க, கண்ணாடில வெயில் பட்டா படம் கெட்டுடும்" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா சார்" என்று அவர் நிமிர்ந்து நின்றார்.

பூங்காவனம் வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு, மதியம் ஆகும் நேரத்தில் புருஷனுக்கு முன்னால் வந்து நின்றார். சுற்றி இருந்தவர்கள் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். சிரிப்பதற்கு இருந்தவர்களும் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இத எடுத்தது யாரும்மா?" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான்தாங்க" என்றாள் ஜெயந்தி. "மன்னிச்சிடுங்கக்கா. எடுத்துடச் சொல்லிடுறேன்."

"ஆத்து மேட்டுல நான் தேடாத எடமில்ல. எத்தினி நாளு இருட்டுனப்புறம் பேரு சொல்லிக் கூப்டுகினே போயிருக்கேன். நீ பட்டப்பகல்ல கண்டுபுடிச்சி எடுத்திருக்க."

கலியமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடி, எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ மட்டும் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு நிக்கிற? இன்னா படம்னு சொல்லேன்."

"நீயே பாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சட்டத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

அடிக்க வருவார், அல்லது போட்டு உடைப்பார் என்று நினைத்தேன். போலீஸ்காரரும் ஒரு அடி முன்னால் வந்தார். கலியமூர்த்தி வெகுநேரம் பார்த்தார். காதோரம் சிவந்து, பிறகு அந்தச் சிவப்பும் போனது. கட்டை விரலால் கண்ணாடியின் மேல் கொக்கைத் தொட்டார்.

"இது எவ்ளோ கிட்ட வந்திருக்குது" என்றார். "நான் பாக்கவே இல்லியே."

அவர் சட்டத்தை மனைவியிடம் நீட்டினார்.

"நீ புடி. நான் தள்ளி நின்னு பாக்குறேன்."

பூங்காவனம் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் படத்தை வாங்கி நெஞ்சு உயரத்துக்குப் பிடித்தார். கலியமூர்த்தி நாலு எட்டு பின்னால் போய் நின்றார். சட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. என் கையில் ரசமட்டம் இருந்தது. நான் பக்கத்தில் போகவில்லை.